கீவேர்டு என்பது நோயாளி சொல்லும் வார்த்தை

1/
போன வாரம் ஓபியில் ஒருத்தர் தன் ஏழு வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்தார். கெண்டைக்காலில் நாய்க்கடி. கடிச்சு மூணு நாள் ஆச்சு. புண் மேல மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பியிருந்தது.

"ஏங்க உடனே கூட்டிட்டு வரல?"

"போன்ல தேடிப் பார்த்தேன் சார். இதைப் போட்டா விஷம் முறிஞ்சிடும்னு போட்டிருந்துச்சு."

2/
கோபம் வந்தது. ஆனா திட்டவில்லை. புண்ணைக் கழுவி, தடுப்பூசி போட்டு, கடி ஆழமா இருந்ததால் காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலினும் போட்டோம். ரேபிஸ் அறிகுறி வந்துட்டா பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. அதுக்கு முன்னாடி இருக்கிற நேரம்தான் நம்ம கையில். அதில் மூணு நாள் போச்சு.

3/
அன்னிக்கு நைட் டியூட்டியில் அவர் தேடினதையே நானும் தேடினேன். "நாய் கடிச்சா என்ன செய்யணும்."

மேலே வந்ததில் பாதி கை வைத்தியம். சரியான தகவலும் இருந்தது, ரொம்பக் கீழே. தலைப்பு "வெறிநோய்த் தடுப்பு விழிப்புணர்வு". அந்தப் பக்கம் முழுக்க "நாய் கடிச்சா" என்ற சொல்லே இல்லை.

4/
தேடுறவர் கூகுளில் அடிக்கிற சொல்தான் கீவேர்டு. இது ஏதோ கம்பெனிக்காரங்க வித்தைன்னு நாம ஒதுக்கி வச்சிருக்கோம். தைலம் விக்கிறவர் ஒதுக்கி வைக்கல.

5/
டாக்டர்களுக்கு இது புதுசும் இல்லை. நோயாளியின் தொந்தரவை அவர் வார்த்தையிலேயே எழுதணும்னு வார்டில் முதலில் சொல்லித் தந்தாங்க. "மூச்சு வாங்குது"ன்னா அப்படியே எழுதணும், "டிஸ்னியா"ன்னு எழுதக் கூடாது. கேஸ் ஷீட்டில் ஒழுங்கா செய்றோம். இணையத்தில் எழுத உட்கார்ந்தா மறந்துடுறோம்.

6/
நாம எழுதுறது "நீரிழிவு". ஓபியில் கேட்கிறது "சுகர்", "சக்கரை வியாதி". நாம எழுதுறது "மாரடைப்பு". நெஞ்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கிறவர் தேடுறது "நெஞ்சு எரியுது கேஸ் பிரச்சனையா". வியாதி பேர் தெரியாததாலதான் அவர் தேடவே செய்றார்.

7/
"மக்கள் தப்பான சொல்லைப் பயன்படுத்தினா நாமும் அப்படியே எழுதணுமா?"ன்னு சிலர் கேட்பாங்க. ரெண்டையும் எழுதுங்க. தலைப்பில் அவங்க சொல், முதல் பத்தியில் நம்ம சொல். படிச்சு முடிக்கும்போது "ரேபிஸ்" என்ற பேரும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

8/
எழுதுறவங்களுக்கு நான் கத்துக்கிட்டது:

• ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். நாய்க்கடியையும் பாம்புக்கடியையும் ஒரே பக்கத்தில் திணிக்காதீங்க.

• கூகுளில் பாதி அடிச்சா மீதியை அதுவே காட்டும். அதெல்லாம் மக்கள் நிஜமா தேடினதை வச்சு வர்றது. அதையே துணைத் தலைப்பா வைங்க.

• உங்க தளத்துக்கு எந்தச் சொல் தேடி வந்தாங்கன்னு கூகுள் சர்ச் கன்சோல் இலவசமா காட்டும்.

9/
செய்யக் கூடாதது:

• ஒரே சொல்லைப் பத்தி பத்தியா திணிக்கிறது. கூகுள் இதை ஸ்பேம்னுதான் பார்க்கும். படிக்கிறவருக்கும் எரிச்சல்.

• பக்கத்தின் கோடில் ஒளிச்சு வைக்கிற "மெட்டா கீவேர்ட்ஸ்". தரவரிசைக்கு இதைப் பார்க்கிறதில்லைன்னு கூகுள் 2009லேயே சொல்லிடுச்சு. இதுக்குக் காசு கேட்டா கொடுக்காதீங்க.

• தகவலை வெறும் போஸ்டர் படமா போடுறது, பழைய பாமினி எழுத்துருவில் அடிச்ச பிடிஎஃப் ஏத்துறது. நம்ம கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்கு வெறும் கிறுக்கல். யூனிகோடில் எழுத்தா போடுங்க.

10/
அந்த அப்பா மூணு நாள் தள்ளிப் போட இன்னொரு காரணமும் இருந்தது. "தொப்புளைச் சுத்தி ஊசி போடுவாங்களா சார்? பையன் பயப்படுறான்." அதை நிறுத்தி 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்போ கையில்தான் ஊசி. இந்தக் கேள்விக்கும் யாராவது ஒரு பக்கம் எழுதணும். "தொப்புள் ஊசி"ன்னே தலைப்பு வைங்க.

11/
நல்ல தகவலை எழுதிட்டா கடமை முடிஞ்சதுன்னு நினைக்கிறோம். ராத்திரி பதினொரு மணிக்கு, அழுற பிள்ளையை மடியில் வச்சுக்கிட்டு ஒரு கையால் போனில் தேடுறவர் கண்ணில் அது படணும். அப்போதான் முடிஞ்சது.

12/
கடைசியா, தேடி வர்றவங்களுக்காக:

நாய் கடிச்சா என்ன செய்யணும்? சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில் 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்கு வாங்க, ஊசி இலவசம். லேட் ஆயிடுச்சேன்னு வராம இருக்காதீங்க. எல்லா டோஸையும் முடிங்க.

பையன் அடுத்த டோஸுக்குச் சொன்ன தேதியில் வந்துட்டான்.