கூட இருக்கப் போறீங்களா பாஸ்?

வீட்ல யாருக்காவது ஆபரேஷன்னா ஆஸ்பத்திரியில துணைக்கு இருக்கப் போறது யாரு? லீவு போட வசதியான ஆள்னு காலேஜ் படிக்கிற உங்களைத்தான் தள்ளிவிடுவாங்க! முதுநகர்லேர்ந்து சிதம்பரம் ராஜா முத்தையா ஆஸ்பத்திரி (2021-ல அரசு வசம் வந்ததே, அதேதான்) சுமார் 40 கிலோமீட்டர். மறந்ததை எடுக்க ஓடி வர முடியாது.

அம்மாவுக்குப் பை ரெடி. உங்களுக்கு? பாய், போர்வை, பிளாஸ்க், செல் சார்ஜர், டீக்குச் சில்லறை. நகையெல்லாம் வீட்லயே இருக்கட்டும். தியேட்டருக்குள்ள எப்படியும் கழட்டச் சொல்லுவாங்க. நெயில் பாலிஷும் வேணாம். விரல்ல மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கிற கருவிக்கு அது இடைஞ்சல்.

துணிமணியை விட முக்கியம், ஃபைல். பழைய ரிப்போர்ட், இப்போ சாப்பிடுற மாத்திரை அட்டைகள், ஆதார், ரேஷன் கார்டு, முதல்வர் காப்பீட்டு அட்டை... எல்லாத்துக்கும் ஜெராக்ஸ். காப்பீட்டு அட்டை இல்லையா? அட்மிஷனுக்கு முன்னாடியே வருமானச் சான்றிதழ் வாங்கிடுங்க. அப்பா ஆஸ்பத்திரி வாசல்ல வட்டிக்குக் கேட்டு நிக்கிறதைப் பார்க்க முடியாது மச்சி.

ரத்தம் தேவைப்படலாம். பதினெட்டு வயசு முடிஞ்சு, 45 கிலோ தாண்டின ரெண்டு நண்பர்கள்கிட்ட இப்பவே சொல்லி வைங்க. வெறும் வயித்தோட வர வேணாம், டிபன் சாப்பிட்டுட்டு வரச் சொல்லுங்க.