செருகுநிரலைப் புதுப்பிக்காதீங்க, புதைச்சிடுங்க!

மக்களே, தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ டெக்னிக்கல் மொக்கைன்னு ஓடிடாதீங்க. நம்ம லேப் மார்க்கும் இதுல மாட்டியிருக்கு.

"உங்கள் பிளக்-இன் காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்கவும்" அப்படின்னு திரையில ஒரு பெட்டி வந்தா பசங்க என்ன செய்யறாங்க? கூகிள்ல தேடி, முதல்ல கண்ணுல படுற தளத்துல இருந்து எதையோ தரவிறக்கி, நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். இந்த 'புதுப்பிக்கவும்'ங்கிற சொல்லே இன்னைக்கு ஒரு பொய்ங்கிறதுதான் என் கட்சி. புதுப்பிக்க அங்கே ஒண்ணுமே இல்லை. ஆள் செத்துப் பல வருஷம் ஆச்சு.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். எக்ஸ்டென்ஷன் வேற, பிளக்-இன் வேற. விளம்பரத்தைத் தடுக்கப் போடுறோமே, அது எக்ஸ்டென்ஷன். உலாவி கொடுத்த அனுமதிக்குள்ளே அடங்கி நடக்கும். பிளக்-இன் (நம்ம ஆளுங்க வெச்ச பேரு செருகுநிரல்) அப்படி இல்லை. 1990களின் நடுவுல நெட்ஸ்கேப் கொண்டு வந்த ஏற்பாடு அது. அப்போ உலாவிக்கு எழுத்தும் படமும் காட்டத்தான் தெரியும். வீடியோ, அனிமேஷன் எல்லாம் வேணும்னா வெளியில இருந்து ஒரு புரோகிராமைக் கூட்டிட்டு வந்து உள்ளே உட்கார வைக்கணும். அந்த விருந்தாளி திண்ணையோட நிக்க மாட்டார். சமையலறை, பீரோ, பூஜை ரூம் எல்லாம் போவார். அதாவது உங்க விண்டோஸ் கணக்குக்கு என்னென்ன உரிமை இருக்கோ, பொதுவா அதெல்லாம் அவருக்கும் உண்டு. அவர்கிட்ட ஒரு ஓட்டை இருந்தா, திருடனுக்கு மொத்த வீடும் திறந்த மாதிரி.

அதனாலதான் ஒவ்வொருத்தரா கதவைச் சாத்தினாங்க. 2015 செப்டம்பர்ல குரோம் பழைய பாணி பிளக்-இன்களை மொத்தமா நீக்குச்சு. 2017 மார்ச்ல நம்ம நெருப்பு நரி, ஃபிளாஷை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை வெளியேத்துச்சு. ஜாவா 11 வந்தப்போ (2018) ஆரக்கிளே உலாவி பிளக்-இன்னைத் தூக்கிடுச்சு. 2020 டிசம்பர் 31-ஓட ஃபிளாஷுக்கு அடோபி தந்த ஆதரவு முடிஞ்சது. 2021 ஜனவரி 12-ல இருந்து கடைசிப் பதிப்புகள் தானாவே படம் காட்ட மறுத்துச்சு. சில்வர்லைட் 2021 அக்டோபர்ல போச்சு. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11 கூட 2022 ஜூன் 15-ல ஓய்வு வாங்கிடுச்சு. காரியம் எல்லாம் முடிஞ்சாச்சு. எங்க துறை லேப்புக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரலை :-)

அங்கே டெஸ்க்டாப் எல்லாம் விண்டோஸ் 7. அதுல குரோம் 109-க்கு மேல ஏறாது, ஏன்னா விண்டோஸ் 7-க்கு வந்த கடைசிப் பதிப்பு அதுதான். சிமுலேஷன் எல்லாம் யாரோ எப்பவோ ஃபிளாஷ்லயும் ஜாவா ஆப்லெட்லயும் செஞ்சு வெச்சது. திறந்தா சாம்பல் பெட்டி, அதுல புதிர்த் துண்டு மாதிரி ஒரு படம். பரிசோதனை நடக்காது, ஆனா ரெக்கார்டு நோட்டுல ரீடிங் இருந்தாகணும். விளைவு என்னன்னா, ஏதோ ஒரு சீனியர் எடுத்த ரீடிங் மூணு பேட்ச்சா சுத்திக்கிட்டு இருக்கு. எல்லாருக்கும் மூணாவது தசம இடம் வரைக்கும் ஒரே விடை! இயற்பியல் இவ்வளவு ஒழுக்கமா நடந்துக்குமா?

இதுக்கு லேப்புல கிடைக்கிற மருத்துவம் இருக்கே, அதுதான் இன்னும் பயங்கரம். "பழைய ஃபயர்பாக்ஸ் போடு", "ஜாவா செக்யூரிட்டியைக் குறை", "கம்ப்யூட்டர் தேதியை 2020-க்கு மாத்து". இதுல தேதி வைத்தியம் நிஜமாவே வேலை செய்யும். ஃபிளாஷ் பிளேயர் கணினியோட கடிகாரத்தைப் பார்த்துத்தான் நின்னு போகுது. ஆனா அதே கடிகாரத்தை வெச்சுத்தான் உலாவி ஒவ்வொரு தளத்தோட பாதுகாப்புச் சான்றிதழையும் சரிபார்க்குது. தேதியைப் பின்னாடி தள்ளினா, இந்த வருஷம் வாங்கின சான்றிதழ் அதுக்கு இன்னும் பிறக்கவே இல்லை. மெயில் திறக்காது, பேங்க் தளம் திறக்காது. அப்புறம் "நெட் வரலை சார்"னு லேப் அசிஸ்டன்ட் தலையில விழும்.

போலி அப்டேட் கதை இதைவிட மோசம். 2011-ல மேக் கணினிகளைப் பிடிச்ச ஃபிளாஷ்பேக் வைரஸ் முதல்ல ஃபிளாஷ் இன்ஸ்டாலர் வேஷத்துலதான் வந்துச்சு. அடுத்த வருஷம் ஜாவா ஓட்டை வழியா நுழைஞ்சு 6 லட்சம் கணினிகளைத் தாண்டுச்சு. 2017 அக்டோபர்ல ரஷ்யா, உக்ரைன் பக்கம் ஆடின 'பேட் ராபிட்' பணயத் தீநிரலும் ஃபிளாஷ் அப்டேட்னு சொல்லித்தான் உள்ளே போச்சு. இன்னைக்கு ஃபிளாஷுக்கு அப்டேட்னு ஒரு வலைப்பக்கம் கேட்டா, அது நூத்துக்கு நூறு திருடன்தான்.

சரி, என்னதான் செய்யறது? எந்த பிளக்-இன்னைக் கேக்குதுன்னு முதல்ல பாருங்க. ஓடிடி படம் ஓடாம 'வைட்வைன்' பழசுன்னு வந்தா அது உயிரோட இருக்கிற ஆசாமி. குரோம்ல காம்போனென்ட்ஸ் பக்கத்துல போய் அப்டேட் தேடினாப் போதும். நெருப்பு நரியில பிளக்-இன்ஸ் பகுதியில அதையும் சிஸ்கோவோட ஓப்பன்எச்264-ஐயும் பார்க்கலாம். ரெண்டையும் விட்டுடுங்க.

ஃபிளாஷ்னா, கன்ட்ரோல் பேனல்ல போய் நீக்கிடுங்க. ஒரு விஷயம், மைக்ரோசாஃப்ட் விட்ட 4577586-ங்கிற அப்டேட் விண்டோஸோட சேர்ந்து வந்த ஃபிளாஷை மட்டும்தான் எடுக்கும். நீங்களா போட்டதை எடுக்காது. விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளே 'மேக்ரோமெட்'னு ஒரு ஃபோல்டர் மிச்சம் இருக்கான்னும் பாருங்க (மேக்ரோமீடியாவை அடோபி வாங்கினது 2005-ல. பேரை மட்டும் கடைசிவரை மாத்தலை!). ஜாவாவும் இப்படித்தான். 6, 7, 8-னு மூணு தலைமுறையும் ஒரே வீட்டுல கூட்டுக் குடும்பமா இருக்கும். புதுசு வந்தா பழசு போயிடும்னு நம்பாதீங்க.

அப்போ அந்த சிமுலேஷன்? கோப்பு கையில இருந்தா 'ரஃபிள்'ல போடுங்க. ரஸ்ட் மொழியில எழுதின இலவச ஃபிளாஷ் போலிப்பான். அடோபியோட பிளேயரே தேவையில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பர்ல பழைய ஃபிளாஷ் விளையாட்டுகளை உயிர்ப்பிச்சது இதை வெச்சுத்தான். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-ல செஞ்ச சிலது கொஞ்சம் தகராறு பண்ணும். ஆக்டிவ்எக்ஸ் கேக்குற அரசுத் தளம்னா, விண்டோஸ் 10 அல்லது 11 கணினியில எட்ஜோட ஐ.இ. மோடு இருக்கு. குறைஞ்சது 2029 வரைக்கும் இருக்கும்னு மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கு.

ஆனா இதெல்லாம் ஒட்டுப்போடுற வேலை. மாத்த வேண்டியது தளத்தை நடத்துறவங்க. தென்கொரியாவுல 1990களின் கடைசியில பேங்க் பாதுகாப்புக்காகச் சொந்தமா ஒரு மறைகுறி முறையைச் செஞ்சு, அதை ஆக்டிவ்எக்ஸ்ல கட்டினாங்க. அப்போ அது புத்திசாலித்தனம்தான். அப்புறம் நாடே வருஷக்கணக்குல ஐ.இ-யை விட்டு நகர முடியலை. தென்னாப்பிரிக்க வருமான வரித்துறை இன்னும் ஒரு படி மேல. ஃபிளாஷ் போன பிறகும் சில படிவங்கள் மாறாததால, 2021 ஜனவரியில அதுக்குன்னே தனியா ஒரு உலாவியை வெளியிட்டாங்க! படிவத்தை மாத்துறதுக்குப் பதிலா உலகத்தை மாத்துறது.

எதிர்ப்பக்கம் பாருங்க. கொலராடோ பல்கலைக்கழகத்துல கார்ல் வீமன் 2002-ல ஆரம்பிச்ச 'ஃபெட்' சிமுலேஷன்கள். அதுவும் ஜாவா, ஃபிளாஷ்லதான் இருந்துச்சு. ஃபிளாஷ் சாகுறதுக்குப் பல வருஷம் முன்னாடியே எச்.டி.எம்.எல் 5-க்கு மாத்த ஆரம்பிச்சுட்டாங்க. இன்னும் மாத்தாத ஜாவா சிமுலேஷன்கள்ல பலதையும் 'சீர்ப்ஜே' வழியா, எந்த பிளக்-இன்னும் இல்லாம ஓட வெச்சிருக்காங்க. எல்லாம் இலவசம். நிறைய சிமுலேஷன் மொபைல்லயே ஓடும்.

அதனால துறைத்தலைவர்கிட்ட கொடுக்க ஒரு பட்டியல் எழுதிட்டு இருக்கேன். எந்தப் பரிசோதனை சாம்பல் பெட்டியாயிடுச்சு, அதுக்கு மாற்று எங்கே இருக்கு, ரஃபிள்ல போட்டா ஓடுதா, இந்த மூணும் அதுல இருக்கும். பி பேட்ச் மக்கள் உங்க பக்கத்துக் கணினிகளையும் ஒருதடவை பார்த்து, எது எது ஓடலைன்னு வியாழக்கிழமைக்குள்ளே சொல்லிடுங்க. ரெக்கார்டு சமர்ப்பிக்கிற தேதி வர்றதுக்குள்ளே கொடுத்தாத்தான் பிரயோஜனம்.