குழந்தைக்கு ஆயா வேண்டுமா? எப்போது?

கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் குடும்பங்கள் இன்று நம் பங்குகளில் பல உள்ளன. ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் வங்கி ஊழியராகவும் உள்ள இளந்தாய்மார், பேறுகால விடுப்பு முடியும் தறுவாயில் நம்மிடம் வினவுவது ஒன்றுண்டு: "சாமி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாமா?" இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை பகர்தல் இயலாது. எனினும், முடிவெடுக்கும் முன் பெற்றோர் இருவரும் சேர்ந்தமர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டியவை சில உள.

முதலாவது, ஆள் வேண்டுமா என்பது. வீட்டில் பாட்டி இருந்தால் வினாவே எழாது எனப் பலர் கருதுகின்றனர். முழங்கால் வலியோடு நாளை ஓட்டும் மூதாட்டியிடம், ஓடியாடும் குழந்தையை நாள் முழுதும் ஒப்படைப்பது நீதியாகாது. "உங்களால் இயலுமா அம்மா?" என்று கேட்டு, அவர் மனமுவந்து இசைந்தாலன்றி அவர்மேல் அச்சுமையை ஏற்றலாகாது. அவர் மேற்பார்வையில் ஓர் ஆயா இருப்பதே பல வீடுகளுக்கு ஏற்றதாக இருக்கும்.

அடுத்து, செலவு. ஆயாவின் சம்பளத்தை மனைவியின் ஊதியத்திலிருந்து மட்டும் கழித்துப் பார்த்து, "மிஞ்சுவது இவ்வளவுதானே, நீ வேலையை விட்டுவிடு" என்று சொல்லும் கணவர்களை நாம் கண்டிருக்கிறோம். இக்கணக்குப் பிழையானது. குழந்தை இருவருக்கும் உரியது. ஆகவே அச்செலவும் இருவர் ஊதியத்தையும் சார்ந்ததே. தாய் சில ஆண்டுகள் வீட்டிலிருக்கத் தாமே விரும்பினால் அது போற்றத்தக்கது. ஆனால், பிறரது நெருக்குதலால் விட்ட வேலை பின்னர் மீண்டும் கிடைப்பதரிது.

இரண்டாவது, எப்போது என்பது. 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், முதலிரு பேறுகளுக்கான விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. தமிழக அரசு 2021இல் தன் பெண் ஊழியர்க்கு அதனை ஓராண்டாக்கியது. முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே போதுமென மருத்துவர் கூறுவர். அதன் பின்னரே கூழும் குழைத்த சோறும் தொடங்கும். ஏறத்தாழ அதே பருவத்தில்தான் குழந்தை முகமறியத் தொடங்கி, அந்நியரைக் கண்டு அழவும் செய்கிறது. ஆகவே, விடுப்பு முடிந்த மறுநாள் காலையில் அறிமுகமில்லாத ஒருத்தியின் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடுவது மூவருக்கும் துன்பமே. மூன்று நான்கு வாரங்களுக்கு முன்னரே ஆயாவை வரச்செய்து, தாயின் கண்ணெதிரே குளிப்பாட்டவும் ஊட்டவும் தாலாட்டவும் பழக்குதல் நன்று. அந்த ஒரு மாதச் சம்பளம் வீண்செலவன்று.

மூன்றாவது, யாரை என்பது. சிற்றூர்களிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமியரை அழைத்து வந்து, "சாப்பாடு போட்டுத் துணியும் எடுத்துக் கொடுக்கிறோம்" என்று வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் ஒரு காலத்தில் நற்குடும்பங்களிலும் இருந்தது. பதினான்கு வயதுக்குட்பட்டோரை வீட்டுவேலைக்கு அமர்த்துவது 2006 அக்டோபர் 10 முதல் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, நம் குழந்தை தொட்டிலில் உறங்குவதற்காக வேறொரு குழந்தை பள்ளியை இழப்பதை எந்த மனச்சான்று ஏற்கும்? பதினைந்து வயதுப் பெண்ணாயினும் அவள் இருக்க வேண்டிய இடம் வகுப்பறையே.

வயதுவந்த பெண்ணை அமர்த்தும்போது, வேலை நேரம், சம்பளம், வார விடுமுறை, நோயுற்றால் விடுப்பு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பார்க்க வந்தவளிடம் பாத்திரமும் துணியும் துலக்கச் சொல்வது ஒப்பந்தத்தை மீறுவதாகும். பிள்ளையின்மீதுள்ள கண்ணையும் அது திருப்பிவிடும். ஞாயிறு நமக்கு ஓய்வுநாள் என்றால் அவளுக்கும் அதுவே. இன்னொன்றையும் கேட்டறியுங்கள்: உங்கள் வீட்டில் அவள் இருக்கும் நேரத்தில் அவளுடைய பிள்ளையைப் பார்ப்பவர் யார்? மாலை ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு நீங்கள் எட்டு மணிக்கு வந்தால், மற்றொரு வீட்டு வாசலிலும் ஒரு குழந்தை காத்து நிற்கும்.

இறுதியாக ஒரு சொல். ஒருநாள் உங்கள் குழந்தை உங்களை விட்டு ஆயாவிடம் தாவக்கூடும்; அவளை "அம்மா" என்றும் அழைக்கக்கூடும். அப்போது நெஞ்சு சுருக்கென்று வலிப்பது இயல்பே. அந்த வலியால் அவளை நிறுத்திவிடாதீர்கள். குழந்தையிடம் அவள் அன்போடு நடந்துகொள்கிறாள் என்பதற்கு அதுவே சான்று. அடிக்கடி ஆள் மாற்றுவதால் வாடுவது பிள்ளைதான். பணியிலிருந்து திரும்பியபின் கைப்பேசியை ஒதுக்கிவைத்து, இரவு உணவை ஊட்டுவதையும் உறங்கவைப்பதையும் தாயோ தந்தையோ தம் கையிலேயே வைத்துக்கொள்ளட்டும். அந்த இரண்டு மணி நேரத்தை எவருக்கும் ஒப்படைக்கலாகாது என்பதே நம் உறுதியான கருத்து. அதனைக் காக்க இயலும் வீட்டில் தயக்கமின்றி ஆயாவை அமர்த்தலாம். இயலாதெனில், ஆளைத் தேடுமுன் உங்கள் வேலை நேரத்தையே மாற்றியமைக்க வழி தேடுங்கள்.