புட்டியைப் பார்த்தாலே அழுகிற பிள்ளை

தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு இப்போது 98 நாள். 2023 ஜனவரி 1-ஆம் தேதி நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம் இது; அதற்கு முன் 60 நாள்தான். நாள் கூடியதில் தாய்மாருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் 99-ஆம் நாள் காலையில் பாயான் லெப்பாசுக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டிய ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பால் குடித்த கொஞ்ச நேரத்தில் கக்கிவிடுகிறது. புட்டியை வாயருகே கொண்டுபோனாலே முதுகை வில்லாக வளைத்து, முகத்தைத் திருப்பி வீறிடுகிறது. பார்த்துக்கொள்ளப் போகும் மாமியாரோ பராமரிப்பாளரோ, "இந்தப் பிள்ளையை எப்படிப் பத்து மணி நேரம் சமாளிப்பது?" என்று கேட்கிறார். அந்தத் தாய் வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறார்.

முடிவெடுக்கும் முன் பிள்ளையின் வயிற்றுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்வோம்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. பெரியவர்களுக்கு அது உணவு மேலே வராமல் இறுக்கி வைக்கும். கைக்குழந்தைக்கு அது அடிக்கடி தளர்ந்துவிடும். பிள்ளை குடிப்பது முழுக்கத் திரவம். பெரும்பாலும் படுத்தே இருக்கிறது. உணவுக்குழாயின் நீளமும் குறைவு. அதனால் பால் எதுக்களித்து வெளியே வருகிறது. பத்துப் பிள்ளைகளில் நாலைந்து பேருக்கு இது உண்டு. பெரும்பாலும் இரண்டு மாதம் ஆகும் முன்பே தொடங்கி, நாலாம் மாதம் வாக்கில் உச்சத்துக்குப் போய், உட்காரவும் கெட்டியான உணவு உண்ணவும் தொடங்கியதும் குறையும். பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகவே நின்றுவிடும்.

கக்கியது எவ்வளவு என்று பயமாக இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு தேக்கரண்டி பாலைத் துணியில் ஊற்றி, அந்த ஈரத்தைப் பிள்ளை கக்கிய ஈரத்தோடு ஒப்பிடுங்கள். "குடித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது" என்று நினைத்தது பல நேரம் ஒன்றிரண்டு தேக்கரண்டிதான் என்பது தெரியும். கக்கினாலும் சிரித்து விளையாடி, எடை ஏறிக்கொண்டு, ஒரு நாளைக்கு ஆறு டயப்பராவது நனைத்தால் அந்தப் பிள்ளைக்கு மருந்து தேவையில்லை, துண்டுதான் தேவை.

சரி, புட்டியை ஏன் மறுக்கிறது? முதல் காரணம் பழக்கம். தாயின் மார்பில் பால் பிள்ளை இழுக்கும் வேகத்தில் வரும். புட்டியில் அது இழுக்காமலேயே கொட்டும். இரண்டாவது வலி. எதுக்களிக்கும் பாலோடு அமிலமும் சேர்ந்து வந்தால் சில பிள்ளைகளுக்குத் தொண்டை எரியும். "குடித்தால் எரிகிறது" என்று பிள்ளை மனத்தில் பதிந்துவிட்டால், பசித்தாலும் வாயைத் திறக்காது. மூன்றாவது நம்முடைய அவசரம். இன்னும் முப்பது மில்லி மிச்சம் இருக்கிறதே என்று காம்பை வாயில் திணிக்கிறோம். பிள்ளை அழுகிறது, அழும்போது காற்றை விழுங்குகிறது, காற்றோடு பாலும் மேலே வருகிறது. அடுத்த வேளை புட்டியைக் கண்டாலே அழுகை. இந்தச் சுழலை முதலில் நிறுத்த வேண்டும்.

ஆகவே பிள்ளை முகத்தைத் திருப்பினால் புட்டியை எடுத்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் பார்க்கலாம். அழுகை உச்சத்துக்குப் போன பிறகு புட்டியை நீட்டாதீர்கள். வாயைச் சப்புக் கொட்டும்போதே, விரலைத் தேடும்போதே கொடுங்கள். முதல் சில நாள் தாய் அறைக்கு வெளியே இருக்க, அப்பாவோ பாட்டியோ கொடுத்துப் பார்க்கலாம். தாயின் வாசம் பக்கத்தில் இருந்தால் பிள்ளை மார்பைத்தான் தேடும்.

கொடுக்கும் விதமும் முக்கியம். பிள்ளையை ஏறக்குறைய நிமிர்த்தி மடியில் வைத்து, புட்டியைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். காம்பில் பால் நிறைந்திருந்தால் போதும். மெதுவாக ஒழுகும் காம்பு வாங்குங்கள். சில மடக்குக்கு ஒரு முறை புட்டியைத் தாழ்த்தி மூச்சு வாங்க விடுங்கள்; நடுவில் ஒரு முறை ஏப்பம் விடச் செய்யுங்கள். ஒரு வேளைக்குப் பதினைந்து, இருபது நிமிடம் ஆகட்டும். குடித்த பின் அரை மணி நேரம் தோளில் நிமிர்த்திப் பிடித்திருங்கள். குடித்த கையோடு ஸ்பிரிங் தொட்டிலில் போட்டால் உடம்பு மடங்கி வயிறு அழுந்தும்.

அளவில்தான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. புட்டிப்பால் மட்டும் குடிக்கும் இளம் பிள்ளைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 மில்லி என்பது பொதுக் கணக்கு. ஐந்து கிலோ பிள்ளைக்கு 750 மில்லி. அதை ஆறு வேளையாகக் கொடுத்தால் வேளைக்கு 125. எட்டு வேளையாகக் கொடுத்தால் 95-க்கும் குறைவு. கக்கும் பிள்ளைக்கு எட்டு வேளையே நல்லது. வயிறு முட்டக் கொடுத்தால் பாதி துணிக்குத்தான் போகும். தாய் வேலைக்குப் போன பத்து மணி நேரத்தில் பிள்ளை கொஞ்சமாகவே குடித்து, மாலையிலும் இரவிலும் தாயிடம் ஈடுகட்டிக்கொள்வதும் உண்டு. எடை ஏறுகிறவரை அதைக் கண்டு பதற வேண்டாம்.

எடுத்து வைத்த தாய்ப்பாலைச் சில பிள்ளைகள் வாசனைக்காகவே மறுக்கும். பாலில் இருக்கும் ஒரு நொதி கொழுப்பை உடைப்பதால், ஐஸ்பெட்டியில் வைத்த பால் சில தாய்மாருக்குச் சவர்க்கார வாசம் அடிக்கும். கெட்டுப் போகவில்லை, ஆனால் பிள்ளைக்குப் பிடிக்காமல் போகலாம். அன்று எடுத்த பாலைக் கொடுத்துப் பாருங்கள். நம் பினாங்கு வெயிலுக்கு, எடுத்த பாலை உடனே ஐஸ்பெட்டியில் வைப்பதே நல்லது. அங்கே நாலு நாள் வரை வைத்திருக்கலாம். பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டிவிடுங்கள்.

எதைச் செய்தும் புட்டி வேண்டாம் என்றால்? நம் வீட்டுப் பரணில் ஒரு பதில் இருக்கிறது: பாலாடை. சில ஊர்களில் சங்கு, சங்கடை என்பார்கள். மார்க்கெட் தெருப் பாத்திரக் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். 1999-இல் இந்திய மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு புட்டி, கிண்ணம், பாலாடை மூன்றையும் பச்சிளங்குழந்தைகளிடம் ஒப்பிட்டது. குறைந்த நேரத்தில் அதிகப் பால் குடித்து, அமைதியாகவும் இருந்தது பாலாடையில்தான். எடை குறைவாகப் பிறந்து, மார்பில் குடிக்க முடியாத பிள்ளைகளுக்குக் கிண்ணம், பாலாடை அல்லது கரண்டியால் புகட்டலாம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2011-இல் பரிந்துரைத்தது.

ஆனால் பழைய முறையில் வேண்டாம். காலை நீட்டி, பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி, மூக்கைப் பிடித்து ஊற்றினால் பால் மூச்சுக்குழாய்க்குள் போகும். பிள்ளையை நிமிர்த்தி வைத்து, பாலாடையின் மூக்கு உதட்டைத் தொடும்படி பிடித்து, அதுவே உறிஞ்ச விடுங்கள். முதல் முறை ஒரு தாதியின் முன்னிலையில் செய்து பழகுங்கள். பயன்படுத்தியதும் கழுவிக் கொதிநீரில் போடுங்கள்.

பிள்ளைக்குப் பாலூட்டுவதில் நம் ஊருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. தாய்ப்பாலுக்காக 1991-இல் தொடங்கிய உலகக் கூட்டணியான வாபாவின் தலைமைச் செயலகம் பினாங்கில்தான் இருக்கிறது. ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகம் கொண்டாடும் தாய்ப்பால் வாரத்தை 1992 முதல் நடத்தி வருவது இந்த அமைப்புதான்.

இனி, செய்யக் கூடாதவை. "உரம் விழுந்திருக்கிறது" என்று பிள்ளையைச் சேலையில் போட்டு உருட்டுவதோ தலைகீழாகத் தூக்குவதோ கூடாது. வசம்பை உரைத்து நாக்கில் தடவாதீர்கள். அமெரிக்கா 1968-லேயே உணவில் அதைத் தடை செய்துவிட்டது. மருத்துவர் சொல்லாமல் பாலில் அரிசி மாவோ கேழ்வரகோ கலக்காதீர்கள். தலையணை வைத்துச் சாய்த்துத் தூங்க வைக்காதீர்கள். குப்புறவும் வேண்டாம். கக்குகிற பிள்ளையும் சமமான மெத்தையில் மல்லாந்துதான் தூங்க வேண்டும். மல்லாந்து படுத்தால் புரையேறும் என்ற பயம் தேவையில்லை. அந்த நிலையில் மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருக்கிறது.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்? வாந்தி பச்சையாக வந்தால், இரத்தம் கலந்திருந்தால், ஒவ்வொரு வேளையும் பீய்ச்சியடித்தால், வயிறு உப்பிக் கல்லாக இருந்தால், காய்ச்சல் அடித்தால், உச்சிக்குழி புடைத்திருந்தால், துவண்டு கிடந்தால், மூச்சு நின்று நின்று வந்தால், ஆறேழு மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டால். இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் பினாங்கு பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நிலைமை மோசமென்றால் 999.

அவசரமில்லை, ஆனால் எடை ஏறவில்லை என்றால், சுகாதார கிளினிக்கில் கொடுத்த பிள்ளையின் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போங்கள். எடைக்கோடு எந்தப் பக்கம் போகிறது என்பது மருத்துவருக்கு நிறையச் சொல்லும். கக்குவதோடு தோலில் தடிப்பு, மலத்தில் சளி, இரத்தம் இருந்தால் பசும்பால் ஒவ்வாமையாக இருக்கலாம். தாய்ப்பால் கொடுக்கும் தாய் இரண்டு முதல் நாலு வாரம் பாலையும் பால் சேர்ந்தவற்றையும் நிறுத்திப் பார்க்கும்படி மருத்துவர் சொல்லக்கூடும். தே தாரிக்கும் அதில் அடக்கம். அமிலத்தைக் குறைக்கும் மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வெறுமனே கக்கும் பிள்ளைக்கு அதனால் பயனில்லை.

கடைசியாக, நாள் கணக்கு. பழக்குவதை 98-ஆம் நாளில் தொடங்கினால் எல்லாருக்கும் அழுகைதான். வேலைக்குத் திரும்ப மூன்று வாரம் இருக்கும்போதே, நாளைக்கு ஒரு வேளை, பத்து மில்லியாவது போதும் என்று ஆரம்பியுங்கள். அப்பாமார்களே, அந்த ஒரு வேளை உங்களுடையதாக இருக்கட்டும். பார்த்துக்கொள்ளப் போகிறவரைக் கடைசி வாரத்தில் இரண்டு நாள் வரவழைத்து, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே புகட்டச் சொல்லுங்கள். எத்தனை மில்லி, எத்தனை முறை நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரம் தோளில் வைக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். அதன் கீழே, "வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.