எல்லையில் வளர்ந்த காடு

மனிதர் ஓர் இடத்தை விட்டு அகன்றால் அங்கே முதலிற் குடியேறுவது புல். புல்லுக்குப் பின் பற்றை. பற்றைக்குப் பின் மரம். அதற்கும் பின்னர்ப் பறவையும் விலங்கும். கைவிடப்பட்ட சேனையொன்றை இரண்டு மாரி கழித்துப் பார்த்தவர் எவரும் இவ்வரிசையை அறிவர். படைகள் எதிரெதிரே காவல் நின்ற எல்லைகளிலும் இதுவே நிகழ்ந்துள்ளது. இரு காவலரண்களுக்கு நடுவே கிடக்கும் நிலத்தில் ஏர் இறங்குவதில்லை. கத்தி கொண்டு விறகு வெட்டவும் எவரும் செல்வதில்லை. ஆகவே, சென்ற நூற்றாண்டின் கொடிய எல்லைகள் சில இன்று பேர்பெற்ற இயற்கைக் காப்பகங்களாகி, கால்நடையாகவும் துவிச்சக்கரவண்டியிலும் மக்கள் சுற்றிப் பார்க்கும் இடங்களாய் விளங்குகின்றன. நமது திருகோணமலை மாவட்டத்திலும் கட்டைபறிச்சானில் அத்தகைய எல்லையொன்று இருந்தது. அது காப்பகமாகவில்லை. ஆகியிருக்க வேண்டுமா என்பதே இவ்வாரம் யான் பேச விழையும் பொருள்.

ஊரை அறியாதார்க்குச் சில சொற்கள். கொட்டியாரக் குடாவின் தென்கரையில் மூதூர் இருக்கிறது. அதற்கு அண்மையில், களப்பின் ஓரமாய் அமைந்த ஊர் கட்டைபறிச்சான். இவ்வூரைக் கடந்து செல்லும் பாதை சேனையூர், கடற்கரைச்சேனை, சம்பூர் முதலிய ஊர்களுக்கு நம்மைக் கொண்டு சேர்க்கும். ஒருபால் வெள்ளாமை வயல், ஒருபால் கண்டல் அடர்ந்த களப்பு, இடையிடையே பனைகள். வடக்கே நோக்கினால் குடாவின் நீர்ப்பரப்பு. அதற்கும் அப்பால் திருகோணமலைத் துறைமுகம். துறைமுக வாயிலை நோக்கி நிற்கும் இக்கரையைத் தம் கைக்குள் வைத்திருக்கப் படைகள் விரும்பியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எல்லையாய் இருத்தல் இக்கரைக்குப் புதிதுமன்று. புயலில் அடிபட்ட ஆங்கிலக் கப்பலொன்று 1660ஆம் ஆண்டு கொட்டியாரத்தில் ஒதுங்கியபோது, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கரையிறங்கியோரைச் சிறைபிடித்தனர். அவருள் ஒருவனான றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உள்நாட்டில் அடைபட்டுக் கிடந்து, 1679இல் தப்பியோடி, 1681இல் இலங்கையைப் பற்றி எழுதி வெளியிட்ட நூலை இன்றும் சரித்திர மாணவர் படிக்கின்றனர். கடலை ஆண்ட ஐரோப்பியருக்கும் மலைநாட்டை ஆண்ட மன்னனுக்கும் நடுவே, அன்றும் இக்கரை இரண்டு அதிகாரங்கள் உரசும் இடமாகவே இருந்தது.

நம் காலத்து எல்லைக்கு வருவோம். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானபின், கட்டைபறிச்சானில் இராணுவத்தின் சோதனைச்சாவடி இருந்தது; அதற்கு அப்பால் சம்பூர்ப் பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. நெல்லும் மீனும் நோயாளரும் மாணவரும் அந்தச் சோதனைச்சாவடியைத் தாண்டியே போய்வர வேண்டும். 2006 ஏப்ரலில் மூதூர்க் கிழக்கின்மீது குண்டுகள் விழுந்தன. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் மூதூரிலே பெரும் சமர் மூண்டது. செப்டெம்பர் 4ஆந் திகதி இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியது. அதற்கு முன்னரே மக்கள் ஊர்களைத் துறந்திருந்தனர்; ஈச்சிலம்பற்று, வாகரை வழியாய் மட்டக்களப்பு வரை நடந்து போயினர். 2007 மே மாதத்தில் அவ்வூர்கள் வர்த்தமானி மூலம் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டன. ஆளில்லாத அந்நிலத்தில் முன்சொன்ன வரிசைப்படி புல்லும் பற்றையும் மரமும் தத்தம் வேலையைத் தொடங்கின.

இனி ஜேர்மனியைப் பார்ப்போம். எல்லையைக் காப்பகமாக்கும் எண்ணம் தெளிவான உருப்பெற்றது அங்கேதான்.

கிழக்கு ஜேர்மனியையும் மேற்கு ஜேர்மனியையும் பிரித்த கோடு 1,393 கிலோமீற்றர் நீளமுடையது. 1952இல் கிழக்கு அரசு அதனை இறுக அடைத்தது. ஐந்து கிலோமீற்றர் அகலத்துக்குத் தடைவலயம். அதனுள்ளே 500 மீற்றருக்கு மேலும் கடுமையான காவல். பின்னர் முள்வேலியும் கண்ணிவெடியும். முள்வேலிக்கும் மெய்யான எல்லைக்கோட்டுக்கும் இடையில் எவரும் புகாத ஒடுங்கிய நிலப்பட்டி ஒன்று எஞ்சியது. மேற்குப்புறத்தில் வாழ்ந்த கை ஃப்ரோபல் என்னும் பாடசாலை மாணவர், 1970களின் நடுப்பகுதியில், தொலைநோக்கியும் குறிப்புப் புத்தகமுமாய் அப்பட்டியின் ஓரத்தில் நின்று பறவைகளைக் கணக்கெடுத்தார். நம் நாட்டுப் புதர்ச்சிட்டுக்கு உறவான சிறு குருவியொன்று, சுற்றியுள்ள பண்ணை நிலங்களிலெல்லாம் அருகிப்போக, அவ்வெல்லைப் பட்டியில் மட்டும் தாராளமாய்க் கூடுகட்டி வாழ்வதை அவர் கண்டார். எல்லைக் கம்பங்களே அக்குருவிக்கு அமர்ந்து பாடும் கிளைகளாயின. பாடசாலை மாணவர் இதை வாசித்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பின்னாளில் ஒரு தேசத்தின் கொள்கையான காரியம், ஒரு மாணவனின் குறிப்புப் புத்தகத்தில் தொடங்கியது.

பெர்லின் மதில் 1989 நவம்பரில் திறந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, டிசெம்பர் 9ஆந் திகதி, ஹோஃப் நகரிலே இரு பக்கத்து இயற்கை ஆர்வலர் ஏறத்தாழ 400 பேர் கூடினர். எல்லைப் பட்டியைப் பசுமைப் பட்டியாய்க் காக்க வேண்டுமென்று தீர்மானித்தனர். அருகிவரும் தாவரங்களும் உயிரினங்களுமாய் 1,200க்கும் மேற்பட்ட இனங்கள் அங்கே கண்டறியப்பட்டுள்ளன. 2018இல் துரிங்கியா மாநிலம் தன் பகுதிக்குரிய 763 கிலோமீற்றரைத் தேசிய இயற்கை நினைவுச்சின்னமாய்ப் பிரகடனம் செய்தது. எல்லைக் காவலரின் வாகனங்களுக்கென்று இட்ட துளைக் கொங்கிறீற்றுப் பாதை பல இடங்களில் இன்னமும் இருக்கிறது. நடப்பவருக்கு அது நல்ல வழிகாட்டி. துவிச்சக்கரவண்டிக்காரருக்கோ அத்துளைகள் எலும்பை உலுக்குவன. ஆயினும் அவர்கள் விடுவதாயில்லை. பாரென்ட்ஸ் கடலிலிருந்து கருங்கடல் வரை, பழைய இரும்புத்திரை எல்லையை ஒட்டியே, ஏறத்தாழ 10,000 கிலோமீற்றர் நீளத்துக்குத் துவிச்சக்கரவண்டிப் பாதையொன்றை வகுத்துவிட்டனர்.

இதுகாறும் கேட்டால் இனிய கதையே. ஆனால் அந்நிலம் ஆளில்லாது போன விதத்தையும் சொல்லாவிடிற் கதை பாதிதான். 1952இலும் 1961இலுமாக எல்லையோரக் கிராமங்களிலிருந்து 11,000க்கும் மேற்பட்டோரைக் கிழக்கு அரசு வலிந்து அகற்றியது. வண்டியில் ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு, சேருமிடம் தெரியாமலே போனவர் பலர். சில கிராமங்கள் இடித்து நிரவப்பட்டன. பில்முட்ஹௌசன் என்னும் சிற்றூர் அத்தகையது. 1978இல் அதன் கடைசி வீடுகளும் மறைந்தன. இன்று அங்கே செல்வோர் காண்பது ஊரின் மயானத்தையும் ஒரு நினைவிடத்தையுமே. நாடு மீள ஒன்றானபின், எல்லைக்கென்று பறிக்கப்பட்ட காணியின் பழைய உரிமையாளர் அதைத் திரும்பக் கேட்டனர். 1996இல் இயற்றிய சட்டம், சந்தை விலையில் நான்கிலொரு பங்கைச் செலுத்தி வாங்கிக்கொள்ளலாம் என்றது. தன் பாட்டன் உழுத காணிக்குப் பேரன் காசு கட்ட வேண்டும்! முழு விலையினும் இது மேல்தான்; ஆனால் நீதி என்ற பெயரை இதற்குச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

அக்குருவியின் பிற்காலச் சரித்திரமும் சிந்தைக்குரியது. காவலர் இருந்தவரை, பார்வைக்குத் தடையென்று அவர்கள் புதர்களை வெட்டிவந்தனர். காவலர் போனபின் புதர் மண்டியது; மரம் எழுந்தது. திறந்த புல்வெளியை நாடும் குருவிக்கு அது உகந்ததாயில்லை. ஆகவே இப்பொழுது செம்மறி ஆடுகளையும் மாடுகளையும் மேயவிட்டுப் புல்வெளியைக் காக்கின்றனர். ஆளை விரட்டிப் பெற்ற அழகை நிலைநிறுத்தவும் இடையன் ஒருவன் தேவைப்படுகிறான்.

கொரியாவிலும் இதற்கு ஒரு சான்றுண்டு. 1953 யூலையில் ஏற்பட்ட போர்நிறுத்தத்தின்படி, நான்கு கிலோமீற்றர் அகலத்தில், ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நீளத்தில், படையகற்றிய வலயமொன்று அந்நாட்டைக் குறுக்கே பிளந்து கிடக்கிறது. செங்கொண்டைக் கொக்குகள் அங்கே குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்று பலரும் வியந்து எழுதுவர். அக்கொக்குகள் இரைதேடும் இடங்களுள் முதன்மையானது, வலயத்தின் தென்புறத்தே உள்ள சொர்வொன் சமவெளி. அறுவடையான வயல்களிற் சிந்திக் கிடக்கும் நெல்லையே அவை பொறுக்கித் தின்கின்றன. காட்டினுள் உறங்கினாலும் உண்பது உழவன் விளைத்ததை.

இவ்விரண்டு செய்திகளையும் மனத்திற் கொண்டு சம்பூருக்குத் திரும்புவோம். 2006க்கும் 2015க்கும் இடையில் அங்கே பற்றைக்காடு வளர்ந்தது; வீடுகள் பல இருந்த இடமே தெரியாமற் போயின. அவ்வீடுகளுக்குரியோர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை ஆகிய இடங்களில் அமைந்த முகாம்களில் வாழ்ந்தனர். கட்டைபறிச்சானிலும் ஒரு முகாம் இருந்தது. தம் காணியிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில், தகரக் கூரையின் கீழ், பங்கீட்டு அரிசிக்குக் காத்திருந்தவர் எத்தனையோ போடிமார். அந்நாளில் எவரேனும் ஓர் அறிஞர் வந்து, “எத்துணை அழகிய காடு, இதனைக் காப்பகமாக்குவோம்” என்று கூறியிருந்தால், முகாமில் இருந்தவர் என்ன விடை கூறியிருப்பர்?

காப்பகமென்று எவரும் கூறவில்லை, கேட்டவை வேறு. அனல்மின் நிலையம் என்றனர். கைத்தொழில் வலயம் என்றனர். 818 ஏக்கர் முதலீட்டுக்கென ஒதுக்கப்பட்டது. இன்னொரு 237 ஏக்கரிற் கடற்படை முகாம் இருந்தது. மக்கள் வழக்காடினர், மறியலிருந்தனர். 2015 மே மாதத்தில் முதலீட்டு ஒதுக்கீடு இரத்தாயிற்று. ஓகஸ்டில் உறுதிகள் கையளிக்கப்பட்டன. 2016 மார்ச்சில் கடற்படையிடமிருந்த நிலமும் திரும்பியது. நிலக்கரித் திட்டம் 2016 செப்டெம்பரிற் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வரும் 120 மெகாவோற் சூரியமின் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டினர். திரும்பி வந்த மக்கள் முதலிற் செய்த வேலை காடு வெட்டியதே. வீரையையும் நாவலையும் வெட்டித்தான் வாசல் கண்டனர், கிணறு இறைத்தனர், பத்திரகாளி அம்மன் கோயிலில் மீண்டும் விளக்கேற்றினர். அந்தக் காட்டை வெட்டியதற்காக வருந்த எனக்குக் காரணம் ஏதும் தென்படவில்லை.

வேறிடங்களில் நிலைமை இத்துணைத் தெளிவாயில்லை. 1938 முதற் பறவைகள் சரணாலயமாயிருந்த சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாயிற்று. பூநாரைகள் இறங்கும் அக்களப்பைக் காப்பது வேண்டியதே. அங்கே வலைவீசிப் பிழைத்தோர் எவ்விடம் நிற்பது என்ற கேள்வியும் உடன் எழுகிறது. போர்க்காலத்தில் ஆளின்றிக் கிடந்த காணிகள், காடடர்ந்த காரணத்தால் வனமென்று வர்த்தமானியில் ஏறிவிட்டதாக வடக்கிலும் கிழக்கிலும் பல ஊர்களிலிருந்து முறைப்பாடு எழுந்துள்ளது. பத்தாண்டு மரத்தைக் கண்டு காடென்று எழுதும் அதிகாரி, அதன் அடியிற் கிடக்கும் அடுப்புக்கல்லையும் காணவேண்டும். காணி உரியவரிடம் சேர்ந்தபின், அவரையும் வைத்துக்கொண்டு எதைக் காப்பது என்று பேசலாம். பேச்சு அவ்வரிசையிலேதான் நடக்க வேண்டும்.

அப்படிப் பேசத்தக்க பொருள் கட்டைபறிச்சானில் இருக்கிறது. களப்போரத்துக் கண்டல்களை எவரும் தம் வளவென்று உரிமை கோருவதில்லை. அவற்றால் வாழாதவரும் அங்கே இல்லை. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அவ்வேர்களின் நடுவேதான் வளர்கின்றன. கரைமண்ணைப் பிடித்துவைப்பதும் அவ்வேர்களே. அவற்றுள் அத்தாங்கு கொண்டு இறால் வடிக்கும் கையும், அங்கே மேயும் எருமையும், எருமையின் முதுகில் ஏறிநிற்கும் உண்ணிக்கொக்கும் சேர்ந்ததுதான் அவ்விடத்தின் இயற்கை. இவற்றுள் ஒன்றை அகற்றிவிட்டு மற்றதைக் காப்போம் என்று எவரும் திட்டம் வகுத்துக்கொண்டு வந்தால், ஜேர்மனியின் ஆட்டிடையனையும் சொர்வொன் வயலையும் அவருக்கு நினைவூட்டுக.

கண்டு வர விழைவோர்க்கு ஒரு வார்த்தை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபின், திருகோணமலையிலிருந்து தரைவழியே மூதூருக்கு வருதல் எளிதாயிற்று. மூதூரில் ஒரு துவிச்சக்கரவண்டியை இரவல் பெற்று, விடியலிற் புறப்படுக. பெப்ரவரி, மார்ச் மாதங்கள் உகந்தவை. மாரி ஓய்ந்திருக்கும், வடதிசையிலிருந்து வந்த உள்ளான்களும் ஊர் திரும்பியிரா. களப்பின் அருகே வண்டியை உருட்டிக்கொண்டு நடப்பது நன்று; ஆட்காட்டி கத்தினால் அருகில் அதன் முட்டை இருக்கும், பாதையை விட்டு இறங்கற்க. பற்றைக்குள் இரும்புத்துண்டு எது கிடந்தாலும் தொடாதிருக்க. சம்பூரில் எந்த வீட்டில் தண்ணீர் கேட்டாலும் கொடுப்பர். கேளாமலே தம் காணியின் கதையையும் சொல்வர், அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்க. ஆனி, ஆடியிற் போவோர் வெயில் ஏறுமுன் திரும்புதல் வேண்டும்; கச்சான் எழுந்துவிட்டால் மூதூர்வரை எதிர்க்காற்றிலேதான் மிதிக்க நேரும்.