ஒரு கட்டிலுக்கு எத்தனை செவிலியர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள மாவட்டங்களில் 50 முதல் 100 படுக்கைகள் கொண்ட தீவிர சிகிச்சைக் கட்டடங்கள் கட்டும் திட்டத்தை ஒன்றிய அரசு 2021 அக்டோபரில் தொடங்கியது. கொரோனா இரண்டாம் அலையில் ஐ.சி.யூ. படுக்கைக்காக ஆம்புலன்சிலேயே காத்துக்கிடந்தவர்களைக் கண்ணால் பார்த்தவள் நான். இந்தக் கட்டடங்களை மனதார வரவேற்கிறேன். ஆனால் திறப்பு விழாச் செய்திகளில் படுக்கை எத்தனை, வென்டிலேட்டர் எத்தனை, செலவு எத்தனை கோடி என்பது மட்டுமே வருகிறது. இரவு டியூட்டிக்குச் செவிலியர் எத்தனை பேர் என்று நான் படித்ததே இல்லை. பல ஆண்டுகள் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர் என்ற உரிமையில் இதைக் கண்டித்து எழுதுகிறேன்.

வென்டிலேட்டரில் உள்ள ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் வேண்டும் என்கிறது இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல். அந்த ஒரு நோயாளிக்குச் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும், புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், வாயைச் சுத்தம் செய்ய வேண்டும், மணிக்கொரு முறை சிறுநீரை அளக்க வேண்டும், மருந்து பம்ப்புகளைக் கவனிக்க வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை செய்தால், ஒரு கட்டிலுக்கு மூன்றரை பேர் தேவை. விடுப்பையும் சேர்த்தால் நான்கு பேருக்குக் குறையாது. பத்து வென்டிலேட்டர் படுக்கை என்றால் நாற்பது செவிலியர். கட்டடத்துக்கு நிதி ஒதுக்கும் அன்றே இந்தப் பணியிடங்களுக்கும் ஆணை வர வேண்டாமா? பொது வார்டிலிருந்து நான்கு பேரைப் பிரித்து அனுப்பினால் அங்கும் ஆள் இருக்காது, இங்கும் போதாது.

வரைபடம் போடும்போதும் எங்களை யாரும் கேட்பதில்லை. நான் வேலை பார்த்த ஒரு பிரிவில் கட்டில்களைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். ஒருநாள் பின்னிரவில் ஒருவருக்குச் சுவாசக் குழாய் நழுவிவிட்டது. மறுபடி குழாய் போட டாக்டர் தலைமாட்டில் நிற்க வேண்டும், நிற்க இடமில்லை. நானும் உதவியாளரும் கட்டிலை முன்னே இழுத்தோம். பிளக் பாயின்ட் போதாமல் போட்டிருந்த எக்ஸ்டென்ஷன் ஒயர் சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. அந்த மனிதர் பிழைத்தார். ஆனால் நாங்கள் தவறவிட்ட அந்த நிமிடத்தை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். சுவரை விட்டு இரண்டடி தள்ளிக் கட்டிலைப் போட வசதி செய்திருந்தால் போதும். கை கழுவும் தொட்டியும் அங்கே அறையின் மறுகோடியில் ஒன்றே ஒன்றுதான். ஒரு நோயாளியைத் தொட்ட கையோடு அடுத்தவரிடம் ஓடும் நிலை வந்தால் கிருமி பரவாமல் என்ன செய்யும்?

மின்சாரமும் ஆக்சிஜனும் இன்னும் பெரிய கவலை. 2019 மே மாதம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மின்தடை ஏற்பட்ட மாலையில் வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகள் இறந்தார்கள். மின்தடைதான் காரணம் என்று உறவினர்கள் கதறினார்கள், நிர்வாகம் மறுத்தது. அப்படி ஒரு சந்தேகத்துக்கே இடம் இருக்கக் கூடாது என்பதுதான் என் வாதம். 2024 நவம்பரில் ஜான்சி மருத்துவக் கல்லூரியின் பச்சிளங் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பிடித்து, அந்த இரவிலேயே பத்துக் குழந்தைகள் மாண்டன. ஆக்சிஜன் நிறைந்த அறையில் ஒரு பொறி போதும். இரண்டாவது வாசல் இருக்கிறதா, கட்டிலோடு நோயாளியை வெளியே தள்ளிச் செல்லக் கதவின் அகலம் போதுமா என்பதையெல்லாம் செங்கல் வைக்கும் முன்பே பார்த்தாக வேண்டும்.

1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது போதிய இயந்திரங்கள் இல்லை. டாக்டர் பியான் இப்சன் சொன்னபடி மருத்துவ மாணவர்கள் முறை வைத்து உட்கார்ந்து, இரவும் பகலும் கையால் பை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஒன்று அதிலிருந்துதான் பிறந்தது. இன்று நம்மிடம் இயந்திரம் இருக்கிறது, பக்கத்தில் உட்கார ஆள் இல்லை.

அரசுக்கு என் கோரிக்கைகள் இவை. கட்டட அனுமதியோடு செவிலியர், மருத்துவர், பயோமெடிக்கல் இன்ஜினியர் பணியிடங்களுக்கும் நிரந்தர ஆணை வழங்க வேண்டும். பொதுப்பணித் துறை வரைபடத்தை முடிக்கும் முன் அந்த மருத்துவமனையின் ஐ.சி.யூ. செவிலியர்களை அழைத்துக் கேட்க வேண்டும். ஜெனரேட்டரையும் மாற்று ஆக்சிஜன் இணைப்பையும் மாதந்தோறும் முழு பளுவில் சோதித்து, முடிவைப் பிரிவின் வாசலில் ஒட்ட வேண்டும். உறவினர்கள் நடைபாதையில் துண்டு விரித்துப் படுக்காதபடி ஒரு காத்திருப்பு அறையும் கழிப்பறையும் வேண்டும்.

தங்கள் நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த திறப்பு விழாவுக்குப் போகும்போது, அன்றிரவு அந்தப் பிரிவின் டியூட்டிப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதில் எத்தனை பெயர் இருக்கிறது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருச்சி.