மீட்டரைத் திரும்ப எடுத்துப்போன வாத்தியார்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பக்கத்து வீட்டு வாசலில் கழிவுநீர் லாரி நின்றது. எங்கள் பகுதி மதுரையின் ஓரம். பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை, எல்லாம் செப்டிக் டேங்க்தான். ஆகவே லாரி வருவது புதிதல்ல. மேலே இரண்டு பேர் நின்று டேங்குக்குள் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததுதான் என்னை நிறுத்தியது. எட்டிப் பார்த்தேன். முழங்கால் அளவு கசட்டில், முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, மண்வெட்டியோடு ஒருவர் உள்ளே நின்றார்.

"ஏறி வாப்பா, மொதல்ல ஏறி வா" என்று கத்தினேன். என் குரலுக்கு அவர் நிமிர்ந்து பார்த்தார். துண்டை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

"சார், நீங்களா! உங்க கிளாஸ்ல நான் உக்காந்தேன் சார். கப்பலூர்ல."

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மூன்று வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் ஒரு தனியார் ஆலையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தேன். கடைசிப் பதினைந்து வருடம் பாதுகாப்பு அதிகாரி. ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டிகளுக்குள் ஆட்களை இறக்கி, ஏற்றி, உயிரோடு வீட்டுக்கு அனுப்புவது என் வேலையில் ஒரு பகுதி. ஓய்வுக்குப் பின் ஒரு நிறுவனம் கூப்பிட்டது. துப்புரவு ஒப்பந்தக்காரர்களின் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், நாளுக்கு இவ்வளவு என்றார்கள். பொழுதும் போகும், நாலு பேருக்கு உபயோகமாகவும் இருக்கும் என்று ஒப்புக்கொண்டேன்.

ஒரு கல்யாண மண்டபத்தில் கிளாஸ். இருபத்தாறு பேர். திரையில் ஓடிய படங்கள் எல்லாம் ஆங்கிலம். நான் தமிழில் சொன்னேன். ஹார்னெஸ், முக்காலி, வின்ச், நான்கு வாயுக்களை அளக்கும் மீட்டர் என்று எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினேன். மீட்டரை வாயருகே வைத்து ஊதச் சொல்லி, ஆக்சிஜன் அளவு இறங்கி அலறுவதையும் காட்டினேன். கைதட்டினார்கள். முக்கால் மணி நேரம். பிறகு டீ, மிக்சர், பேனருக்கு முன்னால் போட்டோ, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. இருபத்தாறு சான்றிதழ்களிலும் 'பயிற்றுநர்' என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். கருவிகளைப் பெட்டியில் அடுக்கி, காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று தெருவில் ஏறி வந்தவரிடம் கோபமாகக் கேட்டேன்: "கிளாஸ்ல என்ன சொன்னேன்? மீட்டர் இல்லாம இறங்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார். ஆனா மீட்டரைத்தான் நீங்க கையோட எடுத்துட்டுப் போயிட்டீங்களே."

கிண்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். எனக்குப் பதில் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விஷவாயு தாக்கி ஆட்கள் சாகும்போதெல்லாம், "தொழிலாளர்களுக்குப் போதிய விழிப்புணர்வு இல்லை, பயிற்சி அளிக்கப்படும்" என்று யாராவது அறிக்கை விடுகிறார்கள். இந்த வாக்கியத்தை நான் இனி ஏற்கப் போவதில்லை. உள்ளே இறங்குகிறவனுக்கு ஆபத்து தெரியாது என்று நினைப்பது, இறக்குகிறவனுக்கு வசதியான கற்பனை. தெரியும். கூட வேலை பார்த்தவன் செத்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தக் கிளாஸிலேயே ஒருவர், "அழுகின முட்டை வாசம் திடீர்னு நின்னுச்சுன்னா ஓடிரணும் சார்" என்று எனக்கே பாடம் சொன்னார். அது நூற்றுக்கு நூறு சரி. ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் நாறும், 100 பி.பி.எம். அளவை எட்டும்போது மூக்கு மரத்துவிடும், வாசம் போய்விட்டது என்று தோன்றும். அதற்கும் பல மடங்கு மேலே போனால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். ஓடுவதற்கு நேரம் இருக்காது என்பதுதான் அவர் சொன்னதில் விடுபட்டது.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில், நான் சிறுவனாக இருந்தபோது, பாழ்கிணற்றில் தூர் வார இறங்குமுன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். விளக்கு அணைந்தால் யாரும் இறங்க மாட்டார்கள். வேப்பங்கொத்தைக் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்கிவிட்டு, மறுபடி விளக்கை விடுவார்கள். படிப்பறிவில்லாத சம்சாரிகள். தன் கிணற்றில் தன் பிள்ளை இறங்குகிறான், அதனால் பார்த்தார்கள். (அந்த விளக்கை யாரும் சாக்கடையில் விட்டுப் பார்த்துவிடாதீர்கள். அங்கே மீத்தேன் இருக்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் தீப்பொறி பட்டு வெடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் விளக்கு அணையாமலே எரியும்.) விளக்குக்குப் பதில் இன்று மீட்டர் வந்துவிட்டது. ஒரு நல்ல செல்போன் விலைதான். லாரிக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்குகிறவர், மீட்டருக்குக் கட்டுப்படியாகாது என்கிறார். காரணம் எளிது. லாரி இல்லாமல் வேலை நடக்காது. மீட்டர் இல்லாமல் நடக்கும். தினமும் நடக்கிறது, என்றைக்கோ ஒரு நாள் நடக்காமல் போகும்வரை.

அந்த ஒரு நாள் 2022 ஏப்ரல் 21 இரவு நம் ஊரில் வந்தது. பழங்காநத்தம் அருகே நேரு நகரில் மாநகராட்சியின் கழிவுநீரேற்று நிலையம். மோட்டார் வேலைக்காகப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒருவர் உள்ளே விழ, காப்பாற்றப் போனவர்களும் மாட்டிக்கொள்ள, மூன்று பேர் இறந்தார்கள். அவர்கள் போனது மோட்டார் பார்க்க, சாக்கடை அள்ள அல்ல என்பதைக் கவனியுங்கள். 'துப்புரவுத் தொழிலாளர் பயிற்சி' என்று பேனர் கட்டினால் அந்த மண்டபத்துக்கு இப்படிப்பட்டவர்களை யாரும் கூப்பிடவே மாட்டார்கள். குழிக்கு, வந்தவன் பிட்டரா எலக்ட்ரீசியனா என்று தெரியுமா?

ஒருவருக்காக இன்னொருவர் என்று அடுத்தடுத்துச் சாவது மதுரைக்கு மட்டும் உள்ள கதை அல்ல. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-லேயே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இப்படிப்பட்ட அடைபட்ட இடங்களில் சாகிறவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்றது அது. மேலே முக்காலி நின்று, இறங்கியவர் இடுப்பிலும் தோளிலும் ஹார்னெஸ் மாட்டியிருந்தால், யாரும் குதிக்க வேண்டாம். வின்ச்சைச் சுற்றினால் போதும். இதைத் தெரிந்துகொள்ள முக்கால் மணி நேரம்கூட வேண்டாம். முக்காலி வேண்டும்.

சட்டம் இல்லையா என்பீர்கள். நான் வேலை பார்த்த காலமெல்லாம் மேஜையில் இருந்தது 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம். அதன் 36-ஆவது பிரிவு சொன்னது இதுதான்: தொட்டி, குழி, குழாய் எதுவானாலும், தகுதியுள்ள ஒருவர் தானே சோதித்துப் பார்த்து எழுத்தில் சான்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இறங்குகிறவர் சுவாசக் கருவி அணிந்து, பெல்ட்டில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். 1948! அந்தச் சான்றில் நான் கையெழுத்துப் போட்டபோதெல்லாம் கை கொஞ்சம் நடுங்கும். ஆள் செத்தால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். என் ஆலை ஒன்றும் தர்மசத்திரம் அல்ல, கூலியில் கறாரான நிர்வாகம்தான். ஆனாலும் என் காலத்தில் அங்கே தொட்டிக்குள் யாரும் சாகவில்லை. அந்த நடுக்கம்தான் காரணம்.

தொழிற்சாலை வாசலைத் தாண்டினால் அந்த நடுக்கம் யாருக்கும் இல்லை. சாக்கடைக்குள் இறங்கும்போது எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கைகளுக்கென்றே 1987-ல் ஐ.எஸ். 11972 என்று ஓர் இந்தியத் தரநிர்ணயம் வந்தது. 2013-ல் கையால் மலம் அள்ளும் வேலைக்குத் தடைச் சட்டம். பாதுகாப்பில்லாமல் இறக்கினால் முதல் குற்றத்துக்கே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த வருடம், 2014 மார்ச்சில், உச்ச நீதிமன்றம் இப்படிச் செத்தவர்கள் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை ஏறியது நல்லதுதான், அந்தக் குடும்பங்களுக்கு அது வேண்டும். ஆனால் நான் தெருவில் பார்க்கிற வரை, சாவுக்குப் பின்னால் வரும் பணத்துக்கு விதி இருக்கிறது. மீட்டருக்கு டெண்டரில் ஒரு வரி இல்லை. குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை. மீட்டர், ப்ளோயர், முக்காலி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடும் நேர்மையான ஒப்பந்தக்காரர் முதல் சுற்றிலேயே வெளியே.

"மாஸ்க் கொடுத்தால் அவர்களே போடுவதில்லை சார்" என்று ஒரு பொறியாளர் என்னிடம் சொன்னார். என்ன மாஸ்க் என்று கேட்டேன். காட்டினார். சிமெண்ட் மூட்டை இறக்குகிறவர்கள் கட்டும் தூசி மாஸ்க். வாயுவை அது தடுக்காது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஆக்சிஜனும் தராது. போடாதவன் செய்ததுதான் சரி, குறைந்தபட்சம் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று ஏமாறவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது பாதிப் பொய். என் வகுப்பில் உட்கார்ந்த இருபத்தாறு பேரும் எந்தத் தெருக்களிலிருந்து வந்தார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பெரும்பாலும் அருந்ததியர் குடும்பங்கள். இந்த வேலையில் சாவுக்கணக்கில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முன்னால் நிற்கிறது என்பது நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த விவரம். 2015-ல் மதுரையில் இருவர் இப்படி இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் திவ்யபாரதி 'கக்கூஸ்' ஆவணப்படம் எடுத்தார். 2017-ல் வந்த அந்தப் படத்தைப் பார்க்கச் சொல்லி என் மகள் அனுப்பினாள். பாதியில் நிறுத்திவிட்டு, சாப்பிடப் போனேன். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகவே என் கட்சி இது. கிளாஸ் வைக்க வேண்டியது "இறங்கு" என்று சொல்கிறவர்களுக்கு. உதவிப் பொறியாளர், ஒப்பந்தக்காரர், லாரி முதலாளி, அடுக்குமாடிச் சங்கச் செயலாளர், என் பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் வந்து உட்காரட்டும். இறக்குமுன் மீட்டரின் அளவை எழுதி, கீழே தன் பெயரை எழுதி, கையெழுத்துப் போடட்டும். கசட்டைக் கிளறினால் அடங்கிக் கிடந்த வாயு கிளம்பும், அதனால் ஆள் உள்ளே இருக்கும்வரை மீட்டரும் அவர் சட்டையில் தொங்கட்டும். அதைவிட நல்லது, ஆளே இறங்காமல் குழாயாலும் இயந்திரத்தாலும் முடிப்பது. பக்கத்து மாநிலமான கேரளத்தில் இளைஞர்கள் செய்த 'பாண்டிகூட்' என்ற இயந்திரம் 2018-லிருந்து ஆள்நுழைகுழிக்குள் இறங்கி வேலை செய்கிறது. சாதாரண வீட்டு டேங்குக்கு அவ்வளவு பெரிய யோசனைகூட வேண்டாம். தண்ணீரைப் பீய்ச்சிக் கசட்டைக் கரைத்து, மறுபடி உறிஞ்சினால் போதும். ஒரு மணி நேரம் கூடும். கொஞ்சம் காசு கூடும்.

அன்று அப்படித்தான் செய்யச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கோபம். "ரெண்டு நிமிஷ வேலைண்ணே, இதைப் போய்ப் பெரிசு பண்றீங்களே. அவங்களுக்குப் பழக்கம்தான்" என்றார். பழக்கம் என்றால் நுரையீரல் வேறு ரகமாகிவிடுமா என்று கேட்டேன். வார்த்தை தடித்தது. கூடுதல் தொகையை நான் கொடுத்தேன். அதுவும் தப்புத்தான், அவர் கொடுத்திருக்க வேண்டும். இப்போது இருவரும் பேசிக்கொள்வதில்லை. காலை நடையில் எதிரே வந்தால் அவர் பிள்ளையார் கோயில் பக்கம் திரும்பிவிடுகிறார்.

போன வாரம் பயிற்சி நிறுவனத்திலிருந்து போன் வந்தது. அடுத்த மாதம் இன்னொரு கிளாஸ், இந்த முறை நாற்பது பேர், சான்றிதழ்கள் அச்சாகிவிட்டன, வந்து கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றார்கள். அந்த நாற்பது பேருக்கும் சேர்த்து எத்தனை மீட்டர் இருக்கிறது என்று ஒப்பந்தக்காரரைக் கேட்டுச் சொல்லுங்கள், பிறகு வருகிறேன் என்றேன். கேட்டுச் சொல்கிறேன் சார் என்றார் அந்தப் பெண்.

இன்னும் சொல்லவில்லை.